எவ்வளவு நேரம் நம்புவது

மேசை மேல் வைத்துப் புழங்கும் சிக்னல் ஜெனரேட்டரில் 10 மெகாஹெர்ட்ஸ் என்று அமைத்தால் திரையில் பத்துக்குப் பிறகு புள்ளி, புள்ளிக்குப் பிறகு பன்னிரண்டு சுழியங்கள் வந்து நிற்கின்றன. மைக்ரோஹெர்ட்ஸ் கணக்கில் கூட்டலாம், குறைக்கலாம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கருவியில் இத்தனை இலக்கங்களைப் பார்க்கிறவருக்கு முதலில் மரியாதைதான் வரும். அந்த இலக்கங்கள் கணக்கில் சரியானவையும்கூட. உள்ளே இருக்கும் சிப் ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறது. கூட்டுத்தொகை நிரம்பி வழிந்து மறுபடி தொடங்கும் வேகம்தான் வெளியே வரும் அலையின் அதிர்வெண். டிடிஎஸ் என்று சொல்லப்படும் இந்த முறையில் கூட்டலில் பிழை நேராது. ஆனால் அந்தத் துடிப்பைக் கொடுப்பது சர்க்யூட் போர்டின் ஓரத்தில் தகர மூடி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன குவார்ட்ஸ் ஆசிலேட்டர். பத்து லட்சத்தில் இருபது பங்கு, அதாவது 20 பிபிஎம், தவறலாம் என்பது மலிவு ரகங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. அது தவறினால் கருவி தரும் எல்லா அதிர்வெண்களும் அதே விகிதத்தில் தவறுகின்றன. 10 மெகாஹெர்ட்ஸில் அது 200 ஹெர்ட்ஸ். குமிழைத் திருகி நம்மால் மாற்றக்கூடிய மிகச் சிறிய படியைவிட இருபது கோடி மடங்கு பெரிய பிழை, திரையில் எந்தத் தடயமும் இல்லாமல் உள்ளே இருக்கிறது.

இது யாருக்கு உறைக்கும்? ஆடியோ ஆம்ப்ளிஃபயர் சோதிக்கிறவருக்கு உறைக்காது. 1000 ஹெர்ட்ஸ் 1000.02 ஆக இருந்தால் எந்தக் காதுக்கும் தெரியாது. பழைய ரேடியோவில் 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். காயில்களைத் திருகி ஒழுங்குபடுத்துகிறவருக்கும் ஒன்பது ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டில்லை. மெல்லிய சிக்னல்களைத் தேடும் அமெச்சூர் வானொலிக்காரரிடம் வந்தால் கதை வேறு. ஜோ டெய்லர் 2008 இல் அறிமுகப்படுத்திய விஸ்பர் என்ற முறையில், ஒரு வாட்டுக்கும் குறைந்த சக்தியில் அனுப்பிய செய்தி கடல் கடந்து கேட்கிறது. செய்தியின் அகலம் வெறும் ஆறு ஹெர்ட்ஸ். 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் உலகம் முழுவதும் இதற்கென வைத்திருக்கும் இடம் 200 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் 20 பிபிஎம் என்றால் 280 ஹெர்ட்ஸ். இப்படிப்பட்ட ஜெனரேட்டரை அளவுகோலாக வைத்து ரிசீவரைச் சரிசெய்தால், கேட்க வேண்டிய இடத்துக்கு முழுக்க வெளியே போய்க் காது கொடுத்துக்கொண்டிருப்போம். டெய்லர் 1974 இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் சேர்ந்து இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்து, அதற்காக 1993 இல் நோபல் பரிசு பெற்றவர். வானத்திலிருந்து வரும் துடிப்புகளை ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பழகிய கை வகுத்த முறை இது என்பது அதன் கண்டிப்பில் தெரிகிறது.

பிழை எங்கே பிறக்கிறது என்று பார்க்க அந்தத் தகர மூடிக்குள் போக வேண்டும். குவார்ட்ஸை அழுத்தினால் அதன் பரப்பில் மின்னேற்றம் தோன்றுகிறது என்று ழாக் க்யூரியும் தம்பி பியர் க்யூரியும் 1880 இல் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அசையும் என்பது அதன் மறுபக்கம். மெல்லிய தகடாகச் சீவிய படிகம் தன் தடிமனுக்கு ஏற்ற ஒரே வேகத்தில் அதிர விரும்புகிறது. இன்று பெரும்பாலும் பயன்படும் ஏ.டி. வெட்டில் 10 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை அதிர்வுக்கு வேண்டிய தடிமன் சுமார் 0.166 மில்லிமீட்டர். இந்த எண்ணோடு கொஞ்சம் நின்று பார்க்கலாம். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு 0.166 நானோமீட்டர். குவார்ட்ஸுக்குள் ஒரு சிலிக்கான் அணுவும் அதை ஒட்டிய ஆக்ஸிஜன் அணுவும் விலகி நிற்கும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். தகட்டின் தடிமன் ஓர் அணு இடைவெளி மாறினால் ஒரு பிபிஎம் போய்விட்டது. மூடிக்குள் அடைபட்ட காற்றின் மிச்சத்திலிருந்து தூசிகூடச் சொல்ல முடியாத ஒரு மூலக்கூறுப் படலம் தகட்டில் ஒட்டினாலும், பிடித்திருக்கும் கம்பிகளின் இறுக்கம் மாதக்கணக்கில் மெல்லத் தளர்ந்தாலும் அதிர்வெண் நகர்கிறது. இதைத்தான் படிகத்துக்கு வயதாகிறது என்கிறார்கள். 20 பிபிஎம் தவறுகிற மலிவான ஆசிலேட்டரைக் குறைசொல்லும் முன், அது தன் உடம்பை இருபது அணு இடைவெளிக்குள் காத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைக்கத் தோன்றுகிறது.

வயதைவிட வேகமாக வேலைசெய்வது வெப்பம். ஏ.டி. வெட்டு 1930களில் வந்தது. படிகத்தின் அச்சுக்கு 35 பாகைக்குச் சற்று மேல் சாய்த்து வெட்டினால், அறை வெப்பநிலையை ஒட்டி அதிர்வெண் கிட்டத்தட்ட மாறாமல் நிற்கும் ஒரு சமவெளி கிடைக்கிறது. சாய்வு ஒரு கலை அளவு பிசகினாலும் அந்தச் சமவெளி சரிவாகிவிடும். சமவெளியின் நடு 25 டிகிரி பக்கம். சென்னையில் மே மாதத்தில், மூடிய பெட்டிக்குள், வோல்டேஜ் ரெகுலேட்டரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படிகம் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

அதனால் முதல் சிகிச்சை, அந்த ஆசிலேட்டரைப் பிடுங்கிவிட்டு டி.சி.எக்ஸ்.ஓ. ஒன்றை வைப்பது. வெப்பம் ஏற ஏற எவ்வளவு நகரும் என்பதை முன்கூட்டியே அளந்து, அதற்கு எதிர்த்திசையில் ஒரு சின்ன மின்னழுத்தம் கொடுத்து ஈடுகட்டும் ஆசிலேட்டர் அது. ஒரு பிபிஎம், நல்லதாக இருந்தால் அரை பிபிஎம். வேலை கேட்பதற்கு எளிது, செய்யும்போது கவனம் வேண்டும். நான்கு கால்களையும் ஒன்றாகச் சூடாக்கித் தூக்க ஹாட் ஏர் வேண்டும். அவசரப்பட்டால் செப்புத் தடம் உரிந்து வந்துவிடும். பழையது 3.3 வோல்ட்டில் ஓடுகிறதா, 5 வோல்ட்டிலா என்று முதலில் பார்க்க வேண்டும். பல டி.சி.எக்ஸ்.ஓ.க்கள் தலை வெட்டிய சைன் அலையாக ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் தரும், அதை வைத்து லாஜிக் சிப்பை ஓட்ட முடியாது. சதுர அலை தரும் ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வைத்த பிறகு மேலே ஒரு துண்டு ஃபோம் ஒட்டுவது நல்லது, காற்றோட்டம் நேராகப் படாமலிருக்க.

வைத்தாயிற்று. சரியாகிவிட்டதா என்று எதை வைத்துப் பார்ப்பது? ஃப்ரீக்வென்சி கவுண்டரை எடுத்தால் அதற்குள்ளும் ஒரு படிகம், அதே ரகம், அதே வயது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எது தவறு என்று தெரியாது. ஒத்துப்போனால் இரண்டும் சேர்ந்து தவறுகின்றனவா என்று தெரியாது. இந்த இடத்துக்கு வந்த எவரும் அறையை விட்டு வெளியே பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

வெளியே பார்க்கும் வழக்கம் பழையது. அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனம் டபிள்யூ.டபிள்யூ.வி. நிலையத்திலிருந்து 1923 முதல் தரப்படுத்திய அதிர்வெண்களை வானொலியில் அனுப்புகிறது. நமக்கு அருகில் சீனாவின் பி.பி.எம். நிலையம் ஷான்ஸி மாகாணத்திலிருந்து 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. ஷார்ட்வேவ் ரேடியோவை 10 மெகாஹெர்ட்ஸில் வைத்து, ஆன்டெனா அருகே ஜெனரேட்டரின் வயரைக் கொண்டுவந்தால் இரண்டும் மோதி ஒரு விசில் கேட்கும். ஆசிலேட்டரின் அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்தும் திருகான ட்ரிம்மரைத் திருக விசில் தாழ்ந்து, காதுக்குக் கீழே போய், பிறகு வினாடிக்கு ஒருமுறை ஒலி எழுந்து அடங்கும் அலையாகிறது. தம்புராவில் இரண்டு சாரணித் தந்திகளைச் சேர்க்கும்போது கேட்கும் அதே அலைதான். தந்திகள் சேரச் சேர அலை நீண்டு கரைவதுபோல இதுவும் கரைகிறது. உலோகத் திருப்புளி கூடாது, பிளாஸ்டிக்கோ பீங்கானோ வேண்டும், கை எடுத்ததும் நகர்ந்துவிடாமலிருக்க. இந்த முறையில் கோடியில் ஒரு பங்குவரை போகலாம். அதற்கு மேல் அயனிமண்டலம் விடாது: அலை பட்டுத் திரும்பும் அடுக்கு மேலும் கீழும் அசைவதால், சரியாகப் புறப்பட்ட அதிர்வெண்ணே சற்று மாறித்தான் வந்து சேர்கிறது.

1970களில் அமெரிக்கர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று வரவேற்பறையிலேயே இருந்தது. தொலைக்காட்சி நிறுவனங்கள் வண்ணத்துக்கான 3.579545 மெகாஹெர்ட்ஸ் துணை அலையை ருபீடியம் கடிகாரத்தில் கட்டிவைத்திருந்தன. கலர் டிவி உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அணுக் கடிகாரத்தின் நிழல் விழுந்தது. அளவீட்டு நிறுவனமே அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்தது. உள்ளூர் நிலையங்கள் படத்தைச் சேமித்துத் தம் சொந்தக் கடிகாரத்தில் மறுபடி அனுப்பத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது.

இன்று நாம் பார்க்கும் வெளி, தலைக்கு மேல் 20,200 கிலோமீட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் அணுக் கடிகாரங்களைச் சுமந்துகொண்டு சுற்றுகிறது. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் வேகமாகவும், ஓடிக்கொண்டிருப்பதால் மெதுவாகவும் நடந்து, கூட்டிக் கழித்தால் அந்தக் கடிகாரங்கள் தரையைவிட நாளுக்கு 38 மைக்ரோ வினாடி முந்துகின்றன. அதற்காக 10.23 மெகாஹெர்ட்ஸ் என்ற அடிப்படையைப் பூமியிலேயே 10.22999999543 என்று குறைத்துவைத்து அனுப்புகிறார்கள். இதை எல்லாரும் எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை. 1977 ஜூனில் சீசியம் கடிகாரத்தோடு என்.டி.எஸ்-2 என்ற சோதனைச் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது, ஐன்ஸ்டைன் சொன்ன திருத்தம் உண்மையிலேயே வேண்டுமா என்று சந்தேகப்பட்டவர்கள் திட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள். ஆகவே திருத்தத்தைத் தரையிலிருந்து முடுக்கிவிடும்படி வைத்து, முடுக்காமலே ஏவினார்கள். கடிகாரம் இருபது நாள் தன்போக்கில் ஓடியது. எதிர்பார்த்த வித்தியாசம் ஆயிரம் கோடியில் 4.465 பங்கு. அளந்தது 4.425. திருத்தத்தை முடுக்கினார்கள். சந்தேகத்தையும் கருவிக்குள் ஓர் உறுப்பாக வைத்து அனுப்பிய அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கடிகாரம் நின்றால் என்ன ஆகும் என்பதும் நம் நாட்டிலேயே தெரிந்தது. 2013 இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ செயற்கைக்கோளின் மூன்று ருபீடியம் கடிகாரங்களும் நின்றுபோயின. மற்ற உறுப்புகள் நன்றாக இருந்தும் இடம் காட்டும் வேலைக்கு அது உதவாமல் போயிற்று. அகமதாபாத்தில் உருவான உள்நாட்டு ருபீடியம் கடிகாரம் 2023 மே 29 அன்று என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் ஏறியது.

மேசைக்குத் திரும்பலாம். ஜிபிஎஸ் ரிசீவர் வினாடிக்கு ஒரு துடிப்பு தருகிறது. அணுக் கடிகாரத்தின் துடிப்பு ஆயிற்றே, அதை அப்படியே ஜெனரேட்டருக்குக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்தால் கெடும். வளிமண்டலம், சுவர்களில் பட்டு வரும் எதிரொலி, ரிசீவரின் சொந்தக் குறை எல்லாம் சேர்ந்து அந்தத் துடிப்பு முன்னும் பின்னுமாக ஒரு இருபது நானோ வினாடி ஆடுகிறது. ஒரு வினாடிக்குள் பார்த்தால் ஐந்து கோடியில் ஒரு பங்கு தடுமாற்றம். அதே ஒரு வினாடியில், சூடான சின்ன அறைக்குள் 80 டிகிரி பக்கம் மாறாமல் வைத்திருக்கும் நல்ல குவார்ட்ஸ், ஓ.சி.எக்ஸ்.ஓ., பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஆடும். ஆயிரம் மடங்குக்கும் மேல் நிதானம். ஆனால் ஒரு நாள் முழுக்க விட்டால் நிலைமை தலைகீழ். ஜிபிஎஸ் துடிப்பின் ஆட்டம் அப்போதும் அதே இருபது நானோ வினாடிதான். 86,400 வினாடிக்கு அதைப் பங்குபோட்டால் நான்கு லட்சம் கோடியில் ஒன்று. குவார்ட்ஸோ வயதின் காரணமாக ஒரே திசையில் மெல்ல நகர்ந்து, ஒரே நாளில் ஆயிரம் கோடியில் சில பங்கு தள்ளிப்போயிருக்கும். திரும்பியும் வராது.

ஆக, எது துல்லியம் என்ற கேள்விக்கு, எவ்வளவு நேரத்தில் என்று சேர்த்துக் கேட்காமல் பதில் கிடையாது. இதைக் கணக்காக்கியவர் டேவிட் ஆலன். 1966 இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த அளவையில் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஓர் எண் இல்லை, ஒரு வளைகோடு இருக்கிறது: ஒரு வினாடியில் எப்படி, பத்து வினாடியில் எப்படி, நூறு, ஆயிரம், ஒரு நாளில் எப்படி. குவார்ட்ஸின் கோடு தாழ்வாகத் தொடங்கி ஏறுகிறது. ஜிபிஎஸ்ஸின் கோடு உயரத்தில் தொடங்கி இறங்குகிறது. இரண்டும் ஓரிடத்தில் வெட்டுகின்றன.

ஜிபிஎஸ்டிஓ என்று அழைக்கப்படும் கருவி அந்த வெட்டும் புள்ளியில்தான் குடியிருக்கிறது. உள்ளே ஓ.சி.எக்ஸ்.ஓ. 10 மெகாஹெர்ட்ஸைத் தந்துகொண்டிருக்கும். அதை எண்ணி வரும் வினாடியையும் வானத்திலிருந்து வரும் வினாடியையும் ஒரு சர்க்யூட் ஒப்பிட்டு, வித்தியாசத்தை நெடுநேரம் சராசரியாக்கி, மிக மெல்ல ஒரு மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி குவார்ட்ஸைத் திருத்துகிறது. எவ்வளவு மெல்ல என்பதற்கு நேர மாறிலி என்று ஓர் எண் உண்டு. சில நூறு வினாடி, நல்ல ஓ.சி.எக்ஸ்.ஓ. என்றால் ஆயிரத்துக்கும் மேல். இந்த வேலை முழுவதிலும் நான் அதிக நேரம் யோசித்தது அந்த ஓர் எண்ணைப் பற்றித்தான். குறைத்து வைத்தால் வானத்தின் தடுமாற்றம் எல்லாம் குவார்ட்ஸின் மேல் ஏறி அதன் இயல்பான நிதானத்தைக் கெடுத்துவிடும். கூட்டி வைத்தால் குவார்ட்ஸ் தன் வழியில் விலகிப்போவது தாமதமாகத்தான் தெரியவரும். பக்கத்தில் இருப்பதை எவ்வளவு நேரம் நம்புவது, தொலைவில் இருப்பதை எப்போதிலிருந்து நம்புவது என்பதற்கு வினாடிக் கணக்கில் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. விடை அந்தக் குவார்ட்ஸைப் பொறுத்தது, அறையின் வெப்பத்தைப் பொறுத்தது, ஆன்டெனாவுக்கு எவ்வளவு வானம் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. கையேட்டில் போட்டிருக்கும் எண் ஒரு தொடக்கம் மட்டுமே.

பழைய கைபேசிக் கோபுரங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சிடிஎம்ஏ நிலையங்கள் ஒன்றோடொன்று நேரம் பிசகாமல் இருக்க ஜிபிஎஸ்டிஓ இன்றி இயங்க முடியாதவை. அவை காலாவதியானதும் கழற்றப்பட்ட ஓ.சி.எக்ஸ்.ஓ.க்களும் முழுக் கருவிகளும் பழைய சாமான் சந்தைக்கு வந்து, ஒரு காலத்தில் பெரிய ஆய்வகங்களில் மட்டும் இருந்த துல்லியம் வீட்டு மேசைக்கு இறங்கியது. பல ஆண்டு சூடாகவே ஓடிப் பழுத்த படிகங்களுக்கு வயதின் நகர்வும் அடங்கியிருக்கும். பழையது புதியதைவிட நல்லதாக இருக்கும் அரிய சாமான்களில் இதுவும் ஒன்று. சந்தையில் கிடந்துவிட்டு வந்ததை மட்டும் உடனே நம்பக்கூடாது. மின்சாரம் கொடுத்துச் சில வாரம் விட்டால்தான் பழைய நிதானத்துக்கு வரும்.

இப்போது ஜெனரேட்டரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆசிலோஸ்கோப்பில் ஒரு சேனலில் ஜிபிஎஸ்டிஓவின் 10 மெகாஹெர்ட்ஸ், ட்ரிகரும் அதிலிருந்தே. இன்னொரு சேனலில் ஜெனரேட்டர். தொழிற்சாலைப் படிகத்தோடு இரண்டாவது அலை வெறும் புகைபோலத் தெரியும், வினாடிக்கு 200 அலை ஓடுகிறதே. டி.சி.எக்ஸ்.ஓ. வைத்தபின் கண்ணால் தொடரக்கூடிய ஓட்டம். ட்ரிம்மரைத் திருகினால் ஊர்ந்து, பத்து வினாடிக்கு ஓர் அலை என்று ஆகும். அது பத்துக் கோடியில் ஒரு பங்கு. சீலிங் ஃபேனைப் போட்டால் சிறிது நேரத்தில் தயங்கி, நின்று, எதிர்த்திசையில் நகரத் தொடங்கும். ஃபோம் துண்டின் அருமை அப்போதுதான் தெரியும். டி.சி.எக்ஸ்.ஓ.வின் எல்லை இதுதான். ட்ரிம்மரை இதற்கு மேல் திருகுவது வீண்.

அடுத்த படி, ஜெனரேட்டரின் சொந்தப் படிகத்தையே ஓய்வுபெறச் செய்வது. விலை கூடிய கருவிகளின் பின்பக்கம் இதற்கென்றே 10 மெகாஹெர்ட்ஸ் பி.என்.சி. சாக்கெட் இருக்கும். மலிவானவற்றில் இருக்காது, ஒரு துளை போட்டு, வெளியிலிருந்து வரும் 10 மெகாஹெர்ட்ஸை உள்ளே வேண்டிய 50 மெகாஹெர்ட்ஸாக்கும் சின்ன சிப் ஒன்றைப் பழைய ஆசிலேட்டரின் இடத்தில் இணைக்க வேண்டும். மலிவான சிப் என்றால் அது தன் பங்குக்குக் கொஞ்சம் நடுக்கத்தையும் சேர்க்கும். அலையின் சுத்தம் வேறு, அதிர்வெண்ணின் துல்லியம் வேறு. டிடிஎஸ் இயல்பாகவே உண்டாக்கும் உபரி அலைகளை எந்த அணுக் கடிகாரமும் துடைத்துத் தராது. ஆனால் இணைத்தபின் ஸ்கோப்பில் இரண்டாவது அலை நின்றது நின்றபடி இருக்கிறது, ஃபேன் ஓடினாலும், பகல் இரவானாலும்.

அப்படியானால் இப்போது திரையிலுள்ள பன்னிரண்டு சுழியங்களில் எத்தனை உண்மை? அந்த நேரத்தில் சொல்ல முடிந்தவரை பத்துப்போல. அந்த நேரத்தில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகத்தின் நேரமான யூ.டி.சி. எந்த ஒரு கடிகாரத்திலும் ஓடவில்லை. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல நாட்டு ஆய்வகங்களிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட அணுக் கடிகாரங்களின் கணக்கு, பாரிஸுக்கு அருகிலுள்ள செவ்ரில் இயங்கும் பன்னாட்டு எடை அளவு நிறுவனத்துக்குப் போகிறது. அவர்கள் எடைபோட்டுச் சராசரி எடுத்து, ஒவ்வோர் ஆய்வகத்தின் கடிகாரமும் எத்தனை நானோ வினாடி தள்ளி இருந்தது என்று மாதம் ஒருமுறை வெளியிடுகிறார்கள். இன்றைய வினாடி எவ்வளவு சரி என்பது அடுத்த மாதம்தான் தெரியும்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. ஆன்டெனாவுக்கு வானம் மறைந்துபோனால் ஜிபிஎஸ்டிஓ நின்றுவிடுவதில்லை. இத்தனை நாள் திருத்தித் திருத்தித் தன் குவார்ட்ஸ் எந்தத் திசையில், நாளுக்கு எவ்வளவு நகர்கிறது என்று அது அறிந்துவைத்திருக்கிறது; அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தானே திருத்தியபடி ஓடுகிறது. கோபுரத்தில் இருந்த காலத்தில் ஒரு நாள் முழுக்கச் சில மைக்ரோ வினாடிக்குள் நேரத்தைக் காக்கும்படிதான் இவற்றைச் செய்தார்கள். கோபுரத்தின் குளிரூட்டிய பெட்டிக்குள் செல்லுபடியான அந்த வாக்கு, மே மாதத்து மொட்டை மாடி அறையில் எத்தனை மணி நேரத்துக்குச் செல்லும் என்பதை ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இரவல் வாங்கிய ஒரு ருபீடியத்தை வைத்து அளக்க வேண்டும்.